நான் சுரண்டிய பொட்டு

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் படங்களின் பின்பக்கத்தில் நீளம், அகலம், கொடுத்தவரின் பெயரில் முதல் எழுத்து, அவ்வளவுதான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம். பிழைகளை மனைவி பார்த்துத் திருத்துவாள். அவள் கண்ணுக்கும் தப்பியவை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்கிற கடைக்குப் படம் கொண்டுவருகிற சித்திர டீச்சர் தன்னுடைய படங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார். தேயிலைத்தூள், மீன் செதிள், மாத்திரை அட்டை, துரு என்று மற்றவர்கள் எறிகிற சாமான்களைப் பலகையில் ஒட்டிச் செய்த படங்கள் அவை. "ஒட்டினது நீங்கள். என்னத்தை எதால ஒட்டினீங்கள், எது நிண்டது, எது விழுந்தது எண்டு நீங்களே எழுதித் தாங்கோ அண்ணை" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். அது நடந்து ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கையெழுத்து காரணமில்லை. கடைசிப் படத்தின் நடுவில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் டீச்சரின் அம்மாவுடைய பொட்டுகள் ஒட்டியிருந்தன. அவற்றை நான் சுரண்டிவிட்டேன். பிறகு யாருக்கும் சொல்லாமல் மூடி மறைத்தேன். பசையைப் பற்றி எழுதத் தொடங்கினால் அந்த இடமும் வரும். அதை மட்டும் தாண்டி எழுதலாமா என்று மூன்று தடவை முயன்று பார்த்தேன். மூன்று தடவையும் தாளைக் கிழித்தேன்.

நான் வேலை செய்வது கொட்டாஞ்சேனையில் ஒரு பிரேம் கடையில். இருபத்தாறு வருசமாக அதே மேசை. கலியாணப் படங்கள், சாமிப் படங்கள், பள்ளிவாசல் படங்கள், மாதா படங்கள், செத்தவர்களின் படங்கள் எல்லாம் வரும். கண்ணாடி வெட்டுவதும் நான்தான், சட்டம் அடிப்பதும் நான்தான். முதலாளி முன்னால் இருந்து ஆட்களோடு கதைப்பார். அது எனக்கு நல்ல வசதி. எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. யாராவது ஏதாவது கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். என் வாயில் அதிகம் வந்த சொல் அதுவாகத்தான் இருக்கும்.

டீச்சர் முதல் தடவை வந்தபோது முதலாளி அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். டீச்சர் வெள்ளவத்தையில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறார். அங்கே உள்ள கடைகள் செய்ய மாட்டோம் என்றதால் இரண்டு பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்திருந்தார். கையில் ஒரு பலகை. பலகை முழுக்கத் தேயிலைத்தூள். அதன் மேல் மாத்திரை எடுத்த பிறகு எறிகிற வெள்ளி அட்டைகள், சப்பையாக்கி வரிசையாக.

முதலாளி பலகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் பேச்சில் சொல் என்பது செல் என்றுதான் வரும். "என்ன டீச்சர் இது, தேத்தண்ணி ஊத்தின மிச்சமா? இதுக்குப் பிரேம் போடச் செல்றீங்களா?"

"ஓம். கண்ணாடியும் போட வேணும்."

"கண்ணாடி போட்டா இது நசுங்கிப் போயிடுமே. தம்பி, நீங்களே செல்லுங்க."

நான் ஒரு மரக்கீலத்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்து, அதன் மேல் கண்ணாடித் துண்டை வைத்துக் காட்டினேன். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி இருந்தது. டீச்சர் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். "மூச்சு விட இடம் விட்டிருக்கிறீங்கள்" என்றார். அப்படி ஒரு ஆள் என் வேலையைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு கிழமையில் படம் திரும்பி வந்தது. தேயிலைத்தூள் உதிர்ந்து கண்ணாடிக்குக் கீழே குவிந்து கிடந்தது. "என்ன செய்யிறது அண்ணை?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் பார்ப்போம் என்று நினைத்தேன். அப்படித்தான் தொடங்கியது.

வீட்டில் சோற்றுக் கஞ்சியில் தேயிலையைக் குழைத்து ஒரு அட்டையில் பூசினேன். நான்காம் நாள் பூஞ்சணம் பிடித்தது, அதற்கு முன்பே எறும்பு வந்துவிட்டது. வெள்ளைப் பசையைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து மேலே தெளித்தேன். தூள் நின்றது, ஆனால் பளபளவென்று ரெக்சின் மாதிரி ஆகிவிட்டது. டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் பசையை முதலில் பூசி, அது பாதி காய்ந்து விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற நேரம் பார்த்து, தூளைத் தேயிலை வடியால் சலித்துப் போட்டு, மேலே ஒரு கண்ணாடியைப் பாரமாக வைத்தேன். அடுத்த நாள் தட்டிப் பார்த்தபோது விழவேண்டியது விழுந்தது, மிச்சம் நின்றது. அந்த நேரம் எது என்று எழுத்தில் சொல்ல முடியாது. புறங்கையால் தொட்டால் தெரியும்.

மீன் செதிள் அதைவிடக் கரைச்சல். ஜிந்துப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேலியகொடை மீன் சந்தையில் மீன் வெட்டுகிறார். அவரிடம் கேட்டேன். ஒரு பை நிறையக் கொடுவா மீன் செதிள் கொண்டுவந்து தந்துவிட்டு, "அண்ணே, மீனையும் கேட்டிருக்கலாமே, தந்திருப்பேனே" என்றார். மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"இதை எங்க வைக்கப் போறீங்க?"

"கூரையில."

"கூரையிலயா? அப்ப காகத்துக்கு யாரு பதில் சொல்றது?"

தேசிக்காய்ச் சாறும் சவர்க்காரமும் போட்டு ஏழு தண்ணீரில் கழுவினேன். வெயிலில் வைத்தால் செதிள் சுருண்டு நகம் மாதிரி ஆகிறது. நிழலில் வைத்தால் மணம் போகாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்துக் கடையில் காய வைத்தபோது முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, கடைக்குப் பேர மாத்துவோமா? வாறவங்க எல்லாம் அரைக் கிலோ எவ்வளவுன்னு கேக்கிறாங்க."

ஆனால் டீச்சர் அந்தச் செதிள்களைச் சாயத் தண்ணீரில் தோய்த்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு கடலைச் செய்தபோது, முதலாளிதான் அதைக் கடை வாசலில் இரண்டு நாள் மாட்டி வைத்தார்.

ஒருகொடவத்தையில் பழைய கொள்கலன்கள் அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்கு நானே போய்த் துருவைச் சுரண்டி எடுத்து வந்தேன். காவலாளி சிங்களத்தில் இது எதற்கு என்று கேட்டார். படத்துக்கு என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் ஒரு கத்தியை எடுத்து வந்து சுரண்டித் தந்தார். துரு எந்தப் பசையையும் மஞ்சளாக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. டீச்சர் அந்த மஞ்சளையும் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் புத்தகத்துக்குப் போதும். ஆனால் ஒரு விசயத்தை இங்கே சொல்ல வேண்டும். துருப் படத்தைக் கொடுக்கும்போது, பலகையின் ஓரத்தில் என் பெருவிரல் அடையாளம் பதிந்திருந்ததைப் பார்த்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். டீச்சர் உடனே கண்டுபிடித்தார்.

"இதை ஏன் துடைச்சனீங்கள்?"

"ஊத்தை டீச்சர்."

"ஊத்தை எது, படம் எது எண்டு நாங்கள் இன்னும் முடிவெடுக்கேல்லை அண்ணை" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் விளங்கியிருக்க வேண்டும். கண்ணாடி வந்தபோது, தெரியாத ஆளாக நான் அதைத் தொடவில்லை. மீன் செதிளைக் கழுவியவன், துருவைப் பொறுக்கியவன், ஊத்தையைத் துடைத்து ஒரு தடவை பேச்சும் வாங்கியவன்.

கடைசிப் படம் பெரியது. ஒரு அலுமாரிக் கதவின் உயரம் இருக்கும். சுற்றிவர மாத்திரை அட்டைகளும், பழைய பஸ் டிக்கட்டுகளும், சேலைக் கரைகளும். நடுவில் ஒரு கண்ணாடிக்கு இடம் விட்டிருந்தார். அந்தக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது, பிறகு கொண்டுவந்து தருவேன் என்றார். அவர் அதைக் கொண்டுவந்த நாள் நான் ஒரு வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி போடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அது பேப்பரில் சுற்றி என் மேசையில் இருந்தது.

"டீச்சர் தந்துட்டுப் போனாங்க" என்றார் முதலாளி. "அப்படியே வெக்கச் சென்னாங்க."

அப்படியே என்ற சொல் எங்கள் வேலையில் ஒவ்வொரு நாளும் வரும். அப்படியே வை என்றால் வெட்டாதே, வந்த அளவிலேயே சட்டம் போடு என்று அர்த்தம். நான் அளந்து பார்த்தேன். விட்ட இடத்துக்குச் சரியாக இருந்தது. வெட்டத் தேவையில்லை. அப்படியே வைக்கலாம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் முதலாளி கடையை அரைவாசி பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அந்த ஒன்றரை மணித்தியாலம் கடையில் நான் மட்டும்தான். கரைச்சலான வேலைகளை அந்த நேரத்துக்கு வைத்திருப்பேன். கண்ணாடியைப் பிரித்தேன்.

நம்முடைய பெண்கள் முகம் கழுவப் போகும்போதும் படுக்கப் போகும்போதும் ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். சட்டம் மாற்ற எங்களிடம் வருகிற கண்ணாடிகளில் பாதிக்கு மேல் பொட்டோடுதான் வரும். ஒட்டினதையே மறந்துவிட்டுக் கொண்டுவந்து தருவார்கள். அதனால் வீட்டில் இருந்து வருகிற கண்ணாடிக்கு எங்களுடைய முதல் வேலை, பிளேட்டால் பொட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுப் பசையைத் துடைத்து, கடைசியில் பேப்பரால் மினுக்குவது. இருபத்தாறு வருசத்தில் எத்தனை கண்ணாடி என்று கணக்கில்லை. அந்த வேலையைக் கை செய்யும், புத்தி வேறு எங்காவது இருக்கும்.

டீச்சரின் கண்ணாடியில் பத்துப் பதினொரு பொட்டுகள் இருந்தன. இடது பக்கத்து ஓரத்தில் சின்னக் கறுப்புப் பொட்டுகள் கூட்டமாக. நடுவில் தனியாக ஒரு பெரிய மெரூன் பொட்டு. அது மட்டும் காய்ந்து கண்ணாடியோடு கல்லாகிப் போயிருந்தது. அதற்குப் பிளேட்டைப் படுக்க வைத்து இரண்டு தரம் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினேன். மண்ணெண்ணெய் போட்டேன். மினுக்கினேன். என் முகம் சுத்தமாகத் தெரிந்தது.

துணியைக் கீழே வைக்கும்போது போன் அடித்தது. டீச்சர்.

"அண்ணை, கண்ணாடி கிடைச்சதோ?"

"ஓம்."

"பொட்டு ஒண்டும் விழாமல் பாத்துக்கொள்ளுங்கோ. அது அம்மான்ர. நடுவில கிடக்கிற பெரிய பொட்டு அப்பா சாகிறதுக்கு முதல் நாள் இரவு கழட்டி ஒட்டினது. பதினாலு வருசம், ஒருத்தரும் தொடேல்லை. அம்மா அந்தக் கண்ணாடியைத் தரமாட்டன் எண்டுதான் நிண்டவ. கண்காட்சி முடியத் திருப்பித் தருவன் எண்டு சொல்லித்தான் வாங்கினனான். சரியோ?"

நான் ஓம் என்றேன்.

அந்த ஓம் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. டீச்சர், சுரண்டிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பழகிய சொல் முந்திக்கொண்டது. அவர் சந்தோசமாகப் போனை வைத்துவிட்டார்.

கூட்டிய குப்பையைப் பேப்பரில் கொட்டிக் கிளறினேன். மரத்தூளும் கண்ணாடிச் சில்லும் கலந்து கிடந்தன. விரல் இரண்டு இடத்தில் வெட்டியது. சின்னப் பொட்டுகள் ஒன்பது கிடைத்தன. மெரூன் பொட்டுக் கிடைக்கவில்லை. துணியை உதறினேன், பிளேட்டைப் பார்த்தேன், செருப்பின் அடியைப் பார்த்தேன். மேசையை இழுத்துப் பார்த்தேன். சுரண்டும்போதே அது தூளாகிப் போயிருக்க வேண்டும். முதலாளி வந்து, "என்ன தம்பி தேடுறீங்க?" என்று கேட்டார். ஒரு ஆணி என்றேன்.

எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி தெரியும். துடைத்த கண்ணாடியில் வாயால் ஊதினால், புகை படிகிற நேரத்தில் பழைய பசை இருந்த இடம் தனியாகத் தெரியும். ஊதினேன். இடது பக்க ஓரத்தில் வட்டங்கள் வந்தன. மறைவதற்குள் மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்தேன். மறுபடி ஊதினேன். ஒன்பதுக்கும் இடம் கிடைத்தது, பசை தொட்டு ஒட்டினேன். நடுவில் ஊதியபோது ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தைத்தான் நான் நல்ல வேலைக்காரனாக அழுத்தித் தேய்த்திருந்தேன்.

மெரூன் பொட்டுக்கு நான் கடைக்குப் போகவில்லை. புதுப் பொட்டு புதிதாகத் தெரியும். அடுத்த நாள் காலையில் மனைவி குளிக்கப் போனபோது எங்கள் வீட்டுக் கண்ணாடியில் இருந்து அவளுடைய பொட்டை எடுத்து, சின்னதாக மடித்த ஒரு தாளில் வைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். அதே அளவு, அதே மெரூன். அவள் வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, என் பொட்டைக் கண்டீங்களா?"

இல்லை என்றேன். அவள் அட்டையில் இருந்து புதிது ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கடையில் அதைக் கண்ணாடியின் நடுவில் குத்துமதிப்பாக ஒட்டினேன். சரியா என்று பார்க்க எதிரில் நின்றேன். கண்ணாடியில் தெரிந்த என் நெற்றியில், புருவங்களுக்கு நடுவில், அந்தப் பொட்டு இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. சட்டென்று விலகிக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கண்காட்சி வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் நடந்தது. டீச்சர் கட்டாயம் வர வேண்டும் என்றதால் போனேன். படித்த ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் வாசல் பக்கத்தில் நின்றேன். டீச்சர் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் இரண்டு பேருக்கு, "எல்லாத்தையும் ஒட்டித் தந்தது இந்த அண்ணைதான்" என்றார். அவர்கள் தேயிலை எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள். பசை பாதி காய வேண்டும் என்றேன்.

அம்மா வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. மெலிந்த ஆள், நிமிர்ந்த நடை, வெறும் நெற்றியில் மெல்லிய திருநீறு. ஒரு படத்தையும் பார்க்காமல் நேரே கண்ணாடிக்கு முன்னால் போனார். சனம் அவருக்கு வழி விட்டது. அவர் அழப் போகிறார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நான் பக்கவாட்டில் நின்றேன். அம்மா கண்ணாடிக்கு எதிரில் நின்று தன் முகத்தைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்றார். நாடியைத் தூக்கினார். பின்னால் ஒரு அடி வைத்தார். பிறகு, யாரும் கவனிக்காதபடி, இரண்டு கால்களின் குதியையும் மெதுவாக உயர்த்தினார்.

நான் அதே இடத்தில் நின்றவன் அல்லவா. அம்மா எதைத் தேடுகிறார் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பதினாலு வருசமாக அவர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பொட்டைத் தொடாமல், எடுக்காமல், அது இருந்த இடத்திலேயே தன் நெற்றியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஊருக்கு முன்னால் வைக்க முடியாததைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார். நான் வேறு பொட்டை அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டியிருக்க வேண்டும்.

டீச்சர் வந்து, "என்னம்மா?" என்றார்.

"ஒண்டுமில்லை. கண்ணாடி பாத்தனான்" என்று சொல்லி அம்மா குதியை இறக்கினார்.

கண்காட்சி முடிந்து படம் அவர்கள் வீட்டுக்குப் போனது. மாட்டித் தர என்னை வரச் சொன்னார்கள். சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் இருந்தபடி வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். பழைய கண்ணாடி தொங்கிய ஆணி சுவரில் அப்படியே இருந்தது. கண்ணாடி முன்பு நின்ற உயரத்திலேயே இப்போதும் நிற்கிற மாதிரிக் கொக்கியை அளந்து அடித்து, படத்தை அதே ஆணியில் மாட்டினேன். அம்மா முன்னால் வந்து நின்றார். நாடியைத் தூக்கினார்.

"நான் கட்டையாப் போனன் போல கிடக்கு" என்றார்.

டீச்சர் சிரித்தார். "பின்ன, எழுபத்தாறு வயசில வளருவீங்களோ?"

"இல்லையடி. அந்தக் காய்ச்சல் வந்து கிடந்தனான் எல்லே. அதோட கட்டையாப் போனன். டொக்டரிட்டச் சொல்ல வேணும்." அவர் பகிடியாகச் சொல்லவில்லை. தன் தோளையும் முதுகையும் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தைகள் பஸ்ஸிலேயே அடுக்கியிருந்தன. ஆனால் நான், "அம்மா, ஆணி கொஞ்சம் மேலே போலிருக்கு, இறக்கி அடிக்கிறேன்" என்றேன். படத்தைக் கழற்றி, பழைய ஆணியைப் பிடுங்கி, ஒரு அங்குலம் கீழே புது ஆணி அடித்தேன். மாட்டினேன். அம்மா பார்த்தார். இந்த முறை நாடியைத் தூக்கவில்லை.

"ஓம் தம்பி. இப்ப சரி" என்றார்.

எனக்குத் தேத்தண்ணியும் பணியாரமும் தந்தார்கள். சாப்பிட்டேன். இறங்கி வரும்போது டீச்சர்தான் புத்தகத்துக்கு எழுதித் தரச் சொன்னார். நான் ஓம் என்றேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அவள் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். பென்சிலை வைத்துக்கொண்டு வாசித்தாள். மீன் செதிள் இடத்தில் சிரித்தாள். அவளுடைய பொட்டை நான் எடுத்த இடத்துக்கு வந்தபோது பென்சில் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. புருசன் இருக்கிற பெண்ணின் பொட்டை எடுத்து, புருசன் இல்லாத ஒரு அம்மாவின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். இதை அவளிடம் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். அவள் கை தாலிக்குப் போனது. அதைப் பிடித்தபடியே கடைசி வரைக்கும் வாசித்தாள்.

"திட்டு" என்றேன்.

"உங்களை என்னாத்தத் திட்றது." தாள்களை அடுக்கினாள். "அது என் பொட்டுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியணும். தெரிஞ்சு வச்சிருந்தா வச்சிருக்கட்டும். வேணாம்னு தந்தா வாங்கிட்டு வாங்க. நீங்க வாயால சொல்ல மாட்டீங்க. இதையே கொண்டுபோய்க் குடுங்க."

டீச்சர் கேட்டது பசையைப் பற்றி. அவருக்கு முதல் பாதி போதும். மிச்சம் அம்மாவுடைய விசயம். கண்ணாடிக்குள் அவர் வைத்துக்கொண்டதை ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் இந்தத் தாள்களை முதலில் அம்மாவின் கையில்தான் கொடுப்பேன். அவர் வாசித்து, போடலாம் என்றால் டீச்சரிடம் போகும். கிழித்துப் போட்டால் அதுவும் சரி. என் பெருவிரல் அடையாளத்தைத் துடைத்த மாதிரி இந்தத் தடவை நானாக எதையும் துடைக்கவில்லை.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. முதலாளி பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். அந்த மேசையில் இருந்துதான் கடைசித் தாளை எழுதுகிறேன்.

அம்மா, உங்களுடைய பொட்டு போய்விட்டது. அதை அழித்தது நான்தான். இப்போது இருப்பது என் மனைவியுடையது, அவளுக்கும் தெரியும். அது இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு அங்குலம் மேலே இருக்கிறது. நீங்கள் கட்டையாகவில்லை. நான்தான் அதை மறைக்க ஆணியை இறக்கி அடித்தேன். டொக்டரிடம் போக வேண்டாம்.

2025ம் ஆண்டு, வைகாசி மாதம் 9ம் திகதி.